தோல் வழியே மருந்து: சிதையும் பாலிமரோடு வேலை தொடங்குபவர்களுக்கு

தோல் வழியாக மருந்து செலுத்தும் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், சங்கிலிபோல நீண்ட மூலக்கூறுகளாலான பாலிமரிலிருந்து தொடங்குகிறார்கள். பி.எல்.ஜி.ஏ. என்ற செயற்கைப் பாலிமர் உடலுக்குள் சிதைந்து மறைந்துவிடும் என்று படித்திருப்பார்கள். கைட்டோசான் என்ற இயற்கைப் பாலிமர் பாதுகாப்பானது என்று கேள்விப்பட்டிருப்பார்கள். கையிலிருக்கும் மருந்தை அதில் ஏற்றி, நானோ துகளாக்கி, தோலில் தடவிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். துகள்கள் சீராக வந்தன, மருந்தும் நன்றாக ஏறியது. தோலுக்குள் மட்டும் எதுவும் போகவில்லை. வேதியியலில் பிழை ஏதும் இல்லை. கேள்விகளை நான் தலைகீழ் வரிசையில் கேட்டிருந்தேன்.

ஆகவே இங்கே பாலிமர் தாமதமாகத்தான் வரும். மருந்து தோலைக் கடக்குமா, எவ்வளவு மருந்து வேண்டும், எத்தனை நாளைக்கு வேண்டும், பாலிமர் தோலின் மேல் நிற்கப்போகிறதா உள்ளே தங்கப்போகிறதா என்பவற்றுக்கு விடை கிடைத்தால், பாலிமர் பெரும்பாலும் தானாகவே தேர்வாகிவிடும்.

முதல் படி: தோல் யாரை உள்ளே விடுகிறது என்று பாருங்கள்

தோலின் காவல் முழுவதும் ஒரு மெல்லிய அடுக்கில் இருக்கிறது. ஸ்ட்ராட்டம் கார்னியம் எனப்படும் அந்த மேலடுக்கின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். இறந்து தட்டையான செல்கள் செங்கல்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. செராமைடு, கொழுப்பு அமிலங்கள், கொலஸ்ட்ரால் ஆகியவை சேர்ந்த கொழுப்புப் பூச்சு அவற்றுக்கு இடையே சாந்துபோல நிரம்பியிருக்கிறது. அதற்குக் கீழே 50 முதல் 100 மைக்ரோமீட்டர் அளவுக்கு உயிருள்ள மேல்தோல். அங்கே இரத்தக் குழாய்கள் இல்லை. அதையும் தாண்டி அடித்தோலை எட்டினால்தான் நுண்குழாய்கள் மருந்தை வாங்கிக்கொள்ளும்.

இந்தச் சாந்தின் வழியே நழுவிச் செல்லக்கூடிய மருந்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. மூலக்கூறு எடை, டால்டன் என்ற அலகில், 500-க்குள் இருக்க வேண்டும். எண்ணெயிலும் ஓரளவு, நீரிலும் ஓரளவு கரைய வேண்டும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே அது பங்கிட்டுக்கொள்ளும் விகிதத்தின் மடக்கை மதிப்பு 1 முதல் 3 வரை இருப்பது நல்லது. நாளொன்றுக்குத் தேவைப்படும் அளவும் சில மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒட்டுப்பட்டையாக வெற்றி பெற்ற மருந்துகளைப் பாருங்கள்: நிக்கோட்டின் 162 டால்டன், நைட்ரோகிளிசரின் 227, எஸ்ட்ராடையால் 272, ஸ்கோபோலமின் 303, ஃபென்டானில் 336. எல்லாமே சிறிய மூலக்கூறுகள், எல்லாமே குறைந்த அளவிலேயே வேலை செய்பவை. நிக்கோட்டின் பட்டை நாளொன்றுக்கு 21 மில்லிகிராம் வரை தருகிறது. ஒட்டுப்பட்டை உலகில் அது பெரிய அளவு.

உங்கள் மருந்து இந்த வரம்புகளுக்குள் அடங்கினால் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களுக்குச் சிதையும் பாலிமர் தேவைப்படாமலே போகலாம். 1979-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஒட்டுப்பட்டை, பயணக் குமட்டலைத் தடுக்க மூன்று நாட்களுக்கு ஸ்கோபோலமின் தரும் பட்டை. அது தோலின் மேல் ஒட்டியிருக்கும், வேலை முடிந்ததும் உரித்து எறியப்படும். உரித்து எறியப்படும் பொருள் உடலுக்குள் சிதைய வேண்டிய அவசியம் என்ன? சிதையும் பொருளில் செய்தால் குப்பை குறையும் என்பது நியாயமான காரணம். ஆனால் அது மருந்து செலுத்தலுக்கான காரணம் அல்ல. ஆய்வுத் திட்டத்தில் இவ்விரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

மருந்து வரம்புக்கு வெளியே இருந்தால்தான் கதை சுவையாகிறது. இன்சுலின் ஏறக்குறைய 5,800 டால்டன். தடுப்பூசிப் புரதங்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. எந்தக் களிம்பில் கலந்தாலும் அவை பயனுள்ள அளவில் கார்னியம் அடுக்கைக் கடக்காது. அடுக்கில் துளையிட்டுத்தான் போக வேண்டும்.

இரண்டாம் படி: பாலிமர் எங்கே நிற்கும்?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பாலிமருக்குத் தோலில் மூன்று இருப்பிடங்கள் உண்டு.

முதலாவது, தோலின் மேற்பரப்பு. இதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, மயிர்க்கால். நானோ துகள் என்றதும் அது தோலுக்குள் ஊடுருவிவிடும் என்று நினைப்பது இயல்பு. சேதமில்லாத தோலில் பி.எல்.ஜி.ஏ. துகள்கள் கார்னியம் அடுக்கைத் தாண்டுவதில்லை. அவை மயிர்க்கால் குழிகளில் சேர்கின்றன. சில நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் மிகச் சிறியவற்றைவிட ஆழமாக இறங்குகின்றன என்பதும், தடவும்போது நீவிவிட்டால் இன்னும் ஆழம் போகின்றன என்பதும் சோதனைகளில் தெரிந்தவை. அங்கே சில நாட்கள் தங்கி மருந்தை மெல்லக் கசியவிடும். பருவுக்கோ முடி உதிர்வுக்கோ மருந்து கொடுப்பவர்களுக்கு இது பொருத்தமான இடம். இரத்தத்துக்கு மருந்து கொண்டுசேர்க்க நினைப்பவர்களுக்கு இது போதாது. நான் இழந்த மாதங்கள் இந்த ஒரு பத்தியைத் தெரிந்துகொள்ளாததால் இழந்தவை.

மூன்றாவது, தோலின் உள்ளே. நுண்ணூசிகள் இந்த வகை. அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை நீளமுள்ள ஊசிகள் பட்டைக்கு நூறு என்ற கணக்கில் நின்று, கார்னியம் அடுக்கைத் துளைத்து மேல்தோலையும் அடித்தோலின் மேற்பகுதியையும் எட்டுகின்றன. குட்டையாகவும் மெலிதாகவும் இருப்பதால் நரம்பு முனைகளைத் தொடும் வாய்ப்புக் குறைவு, வலியும் குறைவு. இந்த எண்ணத்துக்கு 1976-லேயே காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் அவ்வளவு சிறிய ஊசியைச் செய்யும் நுட்பம் மின்னணுச் சில்லுத் தொழிலிலிருந்து வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் பிராஸ்னிட்ஸ் குழுவினர் 1998-இல் 150 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் ஊசிகளால் தோலின் ஊடுருவுதிறனைப் பல்லாயிரம் மடங்கு வரை உயர்த்திக் காட்டினார்கள். சிலிக்கான் ஊசி உள்ளே முறிந்தால் அங்கேயே கிடக்கும். பாலிமர் ஊசி முறிந்தால் கரையும் அல்லது சிதையும். சிதையும் தன்மைக்கு உண்மையான மருத்துவக் காரணம் பிறப்பது இங்கேதான். அதே குழுவினர் 2005-இல் சிதையும் பாலிமரால் ஆன ஊசிகளைச் செய்து காட்டினார்கள்.

புண்பட்ட தோலை நான்காவது இருப்பிடமாகச் சொல்லலாம். அங்கே காவல் அடுக்கே இல்லை. அல்ஜினேட், கைட்டோசான், ஹயலூரானிக் அமிலம் ஆகியவற்றால் ஆன காயப் போர்வைகள் தனித் துறையாகவே வளர்ந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை இனி நுண்ணூசியோடு நின்றுகொள்ளும்.

மூன்றாம் படி: கரைவது வேறு, சிதைவது வேறு

நுண்ணூசிக் கட்டுரைகள் பலவற்றில் இவ்விரு சொற்களும் ஒன்றுபோலப் புழங்குகின்றன. அது பெருங்குழப்பம்.

கரையும் பாலிமரில் சங்கிலி அறுபடாது, நீரில் விலகிக் கலக்கும், அவ்வளவுதான். பாலிவினைல் பைரோலிடோன், பாலிவினைல் ஆல்கஹால் இரண்டும் இந்த வகை. தோலின் ஈரத்தில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஆனால் அந்த மூலக்கூறுகள் அப்படியே இருக்கும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் அளவுக்குச் சிறியவையாக இருந்தால் தொல்லை இல்லை. மூலக்கூறு எடை கூடிய வகையைத் தேர்ந்தெடுத்தால் உடலில் தேங்கும். வாழ்நாளில் ஓரிரு முறை போடும் தடுப்பூசிக்கு இது பெரிய கவலை அல்ல. தினமும் ஒட்ட வேண்டிய மருந்துக்கு இதுவே முதல் கவலை.

சிதையும் பாலிமரில் சங்கிலியே அறுபடுகிறது. பாலிலாக்டிக் அமிலம், அதனோடு கிளைகோலிக் அமிலம் சேர்ந்த பி.எல்.ஜி.ஏ., பாலிகேப்ரோலாக்டோன் ஆகியவற்றின் எஸ்டர் பிணைப்புகளை நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. பி.எல்.ஜி.ஏ. லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் பிரிந்து, உடலின் வழக்கமான வளர்சிதை மாற்றத்தில் சேர்ந்து, கரியமில வாயுவும் நீருமாக முடிகிறது. இந்தக் குடும்பம் தானே கரையும் அறுவைத் தையல் நூலாகப் பல பத்தாண்டுகளாக உடலுக்குள் இருந்து வருகிறது. அந்த அனுபவம் பெரிய சொத்து.

ஹயலூரானிக் அமிலம், ஜெலட்டின் போன்ற இயற்கைப் பாலிமர்கள் இரண்டும் செய்பவை. முதலில் நீரில் கரையும், பிறகு உடலின் நொதிகள் அவற்றை வெட்டும். கைட்டோசானை இந்த வரிசையில் சேர்ப்பார்கள். ஆனால் அது அமிலக் கரைசலில்தான் கரையும், நடுநிலை நீரில் கரையாது. லைசோசைம் நொதி அதை நிதானமாகத்தான் அறுக்கும். விரைவாக மறைய வேண்டிய ஊசிக்கு அதை நம்பாதீர்கள்.

நான்காம் படி: எவ்வளவு மருந்து அடங்கும் என்று தாளில் கணக்கிடுங்கள்

ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

600 மைக்ரோமீட்டர் உயரமும் அடியில் 300 மைக்ரோமீட்டர் பக்கமும் உள்ள சதுரக் கூம்பு ஊசியை எடுத்துக்கொள்வோம். கன அளவு என்பது அடிப்பரப்பு பெருக்கல் உயரம், வகுத்தல் மூன்று. 0.3 பெருக்கல் 0.3 பெருக்கல் 0.6, வகுத்தல் 3. விடை 0.018 கன மில்லிமீட்டர். பத்துக்குப் பத்து என நூறு ஊசிகள் இருந்தால் 1.8 கன மில்லிமீட்டர். அடர்த்தியைத் தோராயமாக 1 என்று கொண்டால், எல்லா ஊசிகளின் மொத்த எடையும் 1.8 மில்லிகிராம்தான். மருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 0.36 மில்லிகிராம். அதற்குமேல் மருந்தைத் திணித்தால் பல மருந்துகளில் ஊசி பலம் இழந்துவிடும்.

கணக்கு இதோடு முடியவில்லை. தோல் மீள்தன்மை உள்ளது. அழுத்தும்போது பள்ளம் விழுந்து வளைந்துகொடுக்கும். அதனால் ஊசியின் முழு நீளமும் உள்ளே போவதில்லை. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நுழைந்தது என்று வைத்துக்கொள்வோம். மருந்தில் மூன்றில் இரண்டு பங்கு நுழைந்ததா? இல்லை. கூம்பின் நுனிப் பகுதி மெலிதானது. உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் இருக்கும் கன அளவு, இருபத்தேழில் எட்டுப் பங்குதான். அதாவது ஏறத்தாழ 30 சதவீதம். 0.36 மில்லிகிராம் சட்டென்று 0.11 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. மிச்சம் அடிப்பகுதியில் தோலுக்கு வெளியே நிற்கும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துகளைப் பாருங்கள். வழக்கமான பருவக் காய்ச்சல் (இன்ஃப்ளுயன்சா) தடுப்பூசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் போதும். அது தாராளமாக அடங்கும். கருத்தடை ஹார்மோன்களும், நாளுக்கு மைக்ரோகிராம் கணக்கில் தேவைப்படும் மற்ற மருந்துகளும் பொருந்தும். 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்படும் வலிநிவாரணியை இந்த வழியில் கொடுக்க நினைப்பது வீண். பட்டையைப் பெரிதாக்கலாம், அடிப்பகுதியைத் தூண்போல நிமிர்த்திக் கூம்பை அதன் மேல் வைக்கலாம், மருந்தை நுனியில் மட்டும் குவிக்கலாம். எல்லாம் உதவும். ஆனால் ஆயிரம் மடங்கு உதவாது.

ஐந்தாம் படி: காலத்தைக் கொண்டு பாலிமரைத் தேர்ந்தெடுங்கள்

மருந்து ஒரே முறையில் உள்ளே போய்விட வேண்டுமா? அப்படியானால் குறைந்த மூலக்கூறு எடையுள்ள ஹயலூரானிக் அமிலமோ, பாலிவினைல் பைரோலிடோனோ போதும். சர்க்கரை வகையான ட்ரெஹலோஸ் சேர்த்தால் புரதம் உலரும்போது குலையாமல் காக்கும். 2017-இல் வெளியான முதல் கட்ட மனிதச் சோதனையில், கரையும் நுண்ணூசிக் காய்ச்சல் தடுப்பூசிப் பட்டை நூறு பேரிடம் பார்க்கப்பட்டது. 20 நிமிடங்கள் ஒட்டியிருந்தால் போதும். அந்தப் பட்டை 40 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்திருந்தும் வீரியம் குறையவில்லை. குளிர்பதன வசதி எட்டாத இடங்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தத் துறையில் நான் தொடர்ந்து இருப்பதற்கு அந்த ஒரு தகவலே போதும்.

வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கசிய வேண்டும் என்றால் பி.எல்.ஜி.ஏ. பக்கம் வாருங்கள். லாக்டிக், கிளைகோலிக் பங்குகளின் விகிதம்தான் இதன் கடிகாரம். சரிபாதியாக இருந்தால் ஒன்று முதல் இரண்டு மாதங்களில் சிதையும். 75-க்கு 25 என்றால் நான்கைந்து மாதங்கள். 85-க்கு 15 என்றால் ஐந்தாறு மாதங்கள். தனிப் பாலிலாக்டிக் அமிலம் ஓராண்டைத் தாண்டலாம். பாலிகேப்ரோலாக்டோன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். கிளைகோலிக் பங்கு கூடினால் நீரை அதிகம் ஈர்க்கும், அதனால் விரைவாக அறுபடும் என்பது பொதுவான போக்கு. விகிதம் ஒன்றாக இருந்தாலும் மூலக்கூறு எடை குறைந்த வகையும், சங்கிலி முனையில் அமிலக் குழு திறந்திருக்கும் வகையும் வேகமாகச் சிதையும். பாலிமர் வாங்கும்போது விகிதம், மூலக்கூறு எடை, முனைக் குழு மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வெறுமனே பி.எல்.ஜி.ஏ. என்று எழுதிய குறிப்பு ஒரு வருடம் கழித்து எதற்கும் பயன்படாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி.எல்.ஜி.ஏ. சிதையும்போது உள்ளே அமிலம் சேரும். அமிலம் எஸ்டர் அறுபடுவதை மேலும் விரைவாக்கும். அதனால் பெரிய துகள்கள் வெளிப்புறத்தைவிட உள்ளே முதலில் உருக்குலைவதுண்டு. அந்த அமிலச் சூழல் புரத மருந்துகளைக் கெடுத்துவிடும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருளைச் சிறிதளவு சேர்த்து இதைத் தணிக்கிறார்கள். புரதத்தோடு முதல் முயற்சியிலேயே பி.எல்.ஜி.ஏ.வைத் தொடாமல் இருப்பது இன்னும் நல்லது.

மாதக்கணக்கில் கசியும் ஊசி என்றால் பட்டையை ஒரு மாதம் ஒட்டிவைத்திருப்பதா என்று கேட்கலாம். யாரும் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். அதனால் வேலையை இரண்டு பாலிமர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். நுனி பி.எல்.ஜி.ஏ.வாக இருக்கும். அதைப் பட்டையோடு சேர்க்கும் அடிப்பகுதி விரைவில் கரையும் பாலிமராக இருக்கும். அடிப்பகுதி கரைந்ததும் பட்டையை எடுத்துவிடலாம், நுனி தோலுக்குள் தங்கிவிடும். மற்றொரு வழி, மருந்தேற்றிய பி.எல்.ஜி.ஏ. துகள்களை ஹயலூரானிக் அமில ஊசிக்குள் விதைபோலப் பதித்துவைப்பது. 2019-இல் வெளியான கருத்தடை நுண்ணூசி ஒன்றில், ஊசிக்கும் பட்டைக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு காற்றுக்குமிழியை விட்டிருந்தார்கள். நேராக அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் நகர்த்தினால் அந்த இடத்தில் ஒடியும். ஒரு நிமிடத்துக்குள் ஊசிகள் தோலில் தங்கிவிட, எலிகளில் ஒரு மாதத்துக்கும் மேலாக லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற கருத்தடை ஹார்மோன் கசிந்தது. குறை என்று எல்லோரும் ஒதுக்கும் குமிழியைக் கருவியாக்கிய அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆறாம் படி: வார்ப்பு

அச்சை நீங்களே செய்ய வேண்டாம். ஊசிக் குழிகள் உள்ள சிலிக்கோன் அச்சுகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. செய்தே ஆக வேண்டும் என்றால் ஊசி வடிவ முதன்மை அச்சின் மேல் சிலிக்கோன் ரப்பர்க் கலவையை ஊற்ற வேண்டும். பரவலாகப் புழங்கும் வகையில் மூலக் கலவை பத்துப் பங்கு, இறுக்கி ஒரு பங்கு, எடை அளவில். கலக்கும்போது நுரைக்கும். வெற்றிடக் கலத்தில் குமிழி அடங்கும்வரை வைத்து, 60 முதல் 70 டிகிரியில் சில மணி நேரம் இறுக விடுங்கள். கந்தகம் பட்டால் இது இறுகாது. ரப்பர்க் கையுறையில் கந்தகம் உண்டு, ஆகவே நைட்ரைல் கையுறையே அணியுங்கள். முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த முதன்மை அச்சில் இறுகாத பிசின் மிச்சமிருந்தாலும் இதே தொல்லை வரும். பிசுபிசுப்பாக நிற்கும் அச்சைப் பார்த்துக் கலவை விகிதம் தவறிவிட்டது என்று பலர் திரும்பத் திரும்ப எடைபோடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கையுறைதான்.

பாலிமர்க் கரைசலை முந்தின நாளே தயாரித்துவிடுங்கள். ஹயலூரானிக் அமிலம் ஊறிக் கரைய ஓர் இரவு பிடிக்கும். பாலிவினைல் ஆல்கஹாலுக்கு 80, 90 டிகிரி சூடு தேவை. நன்றாக ஆறிய பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும்.

நிரப்புவதுதான் கைப்பழக்கம் கேட்கும் வேலை. கரைசலை அச்சின் மேல் ஊற்றியதும் ஒவ்வொரு குழியிலும் காற்று சிறைப்பட்டிருக்கும். வெற்றிடத்தில் வைத்தால் குமிழி மேலே வந்து வெடிக்கும். மையவிலக்கியில் வைத்தால் கரைசல் நுனிவரை இறங்கும். அச்சை மையவிலக்கிக்குள் வைக்கும்போது குழிகளின் நுனி வெளிப்புறம் பார்க்க வேண்டும். கரைசல் தேன்போல ஓட வேண்டும். பசைபோல நின்றால் நுனி உருவாகாது, தண்ணீர்போல ஓடினால் உலர்ந்த பிறகு ஊசி உள்ளே குழிந்து வெற்றுக்கூடாகிவிடும்.

நுனி நிரம்பியதும் மேலே நிற்கும் மருந்துக் கரைசலை வழித்தெடுத்து, மருந்தில்லாத கரைசலை அடித்தளமாக ஊற்றுங்கள். இங்கே ஒரு மறைவான பிழை காத்திருக்கிறது. இரண்டாவது ஊற்றில் நீர் அதிகமாக இருந்தால், நுனியில் குவித்த மருந்து மீண்டும் கரைந்து அடித்தளத்துக்கு ஏறிவிடும். நான்காம் படியில் போட்ட கணக்கு முழுவதும் இதனால் பொய்யாகும். முதல் ஊற்று உலர்ந்த பிறகு, கெட்டியான கரைசலை மெல்ல ஊற்றுவதே தீர்வு. உலர்த்துவதிலும் அவசரம் கூடாது. ஈரம் உறிஞ்சி வைத்த பெட்டியில் அறை வெப்பநிலையில் ஒன்றிரண்டு நாட்கள் விடுங்கள். சூடேற்றி விரைவாக உலர்த்தினால் பட்டை படகுபோல வளையும்.

பி.எல்.ஜி.ஏ. நுனிக்கு இரண்டு வழிகள். உருக்கி வார்க்கலாம், ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துக்கு மட்டும். அல்லது துகளாக்கி நீரில் கலக்கிக் குழிகளில் இறக்கலாம். துகள் செய்யப் பாலிமரை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் கரைந்த நீரில் குழம்பாக்கிக் கரைப்பானை ஆவியாக விடுவது வழக்கம். நீரில் கரையும் மருந்தானால் நீருக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் நீர் என்று இரட்டைக் குழம்பு தேவைப்படும். டைகுளோரோமீத்தேனைச் சிலிக்கோன் அச்சில் நேராக ஊற்றாதீர்கள், அச்சு ஊதிவிடும். முடிந்த பொருளில் அது பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது மருந்துத் துறையின் பன்னாட்டு வரம்பு. குளோரோஃபார்முக்கு அது 60 பங்குதான்.

ஏழாம் படி: சோதியுங்கள்

முதலில் நுண்ணோக்கி. நுனி கூர்மையாக இருக்கிறதா, குமிழி இருக்கிறதா, எத்தனை ஊசிகள் முழுமையாக வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். நூறில் எத்தனை என்று எழுதுங்கள், 'பெரும்பாலும் நன்றாக இருந்தன' என்று எழுதாதீர்கள்.

அடுத்து பலம். அழுத்தத்தை அளக்கும் கருவியில் உலோகத் தட்டின் மேல் அழுத்தி, ஊசி எங்கே மடங்குகிறது என்று பாருங்கள். ஓர் ஊசிக்கு 0.1 நியூட்டன் தாங்கினால் தோலைத் துளைக்கும் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். நுழைவுச் சோதனைக்கு விலங்குத் தோலை உடனே எடுக்க வேண்டியதில்லை. ஆய்வகங்களில் குடுவை மூடப் பயன்படும் பாராஃபிலிம் தாளை எட்டு மடிப்பாக மடித்து அதில் பட்டையை அழுத்துங்கள். ஒவ்வொரு மடிப்பும் ஏறத்தாழ 127 மைக்ரோமீட்டர். பிரித்துப் பார்த்து, எத்தனையாவது மடிப்புவரை துளை விழுந்திருக்கிறது என்று எண்ணினால் ஆழம் கிடைக்கும். எளிய, மலிவான, திரும்பச் செய்யத்தக்க சோதனை. ஆனால் பாராஃபிலிம் தோல் அல்ல. நல்ல முடிவு வந்த பிறகு பன்றிக் காதுத் தோலில் அழுத்தி, மெத்திலின் நீலம் என்ற சாயத்தைத் தடவித் துடைத்து, நீலப் புள்ளிகளை எண்ணுங்கள். தோலில் உள்ள முடியை வெட்டிவிடுங்கள், மழிக்காதீர்கள். மழித்தால் கார்னியம் அடுக்கும் சேர்ந்து போகும்.

மருந்து எவ்வளவு கடக்கிறது என்பதற்கு ஃபிரான்ஸ் கலம். மேலே மருந்து, நடுவே தோல், கீழே உப்புக் கரைசல். கீழ்க்கலத்தைச் சுற்றி 37 டிகிரி நீர் ஓடவிட்டால் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 32 டிகிரியில் நிற்கும். அதுவே உண்மையான தோல் வெப்பநிலை. புதியவர்களின் முடிவுகளைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, தோலுக்கு அடியில் ஒதுங்கும் குமிழி. ஒவ்வொரு முறை மாதிரி எடுத்த பிறகும் கலத்தைச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு, கீழ்க்கலத்தில் மருந்து நிறைவடைவது. அங்கே சேரும் செறிவு கரைதிறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, கணக்கு முடிக்காமை. கீழ்க்கலத்தில் வந்தது, தோலில் தங்கியது, பட்டையில் மிஞ்சியது, துடைத்தெடுத்தது எல்லாம் கூட்டினால் வைத்த மருந்தில் 90 முதல் 110 சதவீதம் வர வேண்டும். 60 சதவீதம்தான் வருகிறது என்றால் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள்.

பி.எல்.ஜி.ஏ. துகள்களில் முதல் நாளிலேயே மருந்தின் பெரும் பங்கு கொட்டிவிடுவதைப் பார்ப்பீர்கள். துகளின் மேற்பரப்பில் ஒட்டிய மருந்து அது. நன்றாகக் கழுவினால் ஓரளவு குறையும். வீரியமிக்க மருந்தானால் இந்த முதல் நாள் வெள்ளமே நஞ்சாகலாம், ஆகவே சராசரி வேகத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

கிருமி நீக்கத்தையும் வைப்பையும் தொடக்கத்திலேயே எண்ணிக்கொள்ளுங்கள். நீராவிக் கொதிகலத்தில் இந்த ஊசிகள் உருகிவிடும். காமாக் கதிர் பி.எல்.ஜி.ஏ.யின் சங்கிலிகளை அறுத்து மூலக்கூறு எடையைக் குறைத்துவிடும், கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஈரம் இரண்டு வகைப் பாலிமருக்கும் பகை. படலப் பையில் ஈரம் உறிஞ்சியோடு அடைத்துவையுங்கள்.

செய்த பட்டையை உங்கள் கையிலோ நண்பர் கையிலோ ஒட்டிப் பார்க்காதீர்கள். ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோலைத் துளைக்கும் எந்தப் பொருளும், மருந்தில்லாத வெற்றுப் பட்டையானாலும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உயிரிணக்கச் சோதனைகளும் முடியாமல் மனிதர் மேல் படக் கூடாது. காம்பியாவில் கைக்குழந்தைகளிடம் தட்டம்மை, ரூபெல்லா நுண்ணூசிப் பட்டை சோதிக்கப்பட்டு, வழக்கமான ஊசிக்கு இணையான எதிர்ப்பாற்றல் தந்ததாக 2024-இல் முடிவுகள் வெளிவந்தன. 1998-இன் சிலிக்கான் ஊசியிலிருந்து அந்தக் குழந்தைகளின் தோலை எட்ட கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

முதல் மாதத்துக்கு

மருந்தைத் தொடாதீர்கள். முதல் வாரம் ஆயத்த அச்சில் வெறும் ஹயலூரானிக் அமில ஊசிகளை வார்த்தெடுங்கள், நூறில் தொண்ணூற்றைந்து ஊசிகளாவது முழுமையாக வரும்வரை. இரண்டாம் வாரம் நுனியில் மட்டும் சாயம் சேர்த்து, அடித்தளம் ஊற்றிய பிறகும் சாயம் நுனியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் வாரம் பாராஃபிலிமும் பன்றிக் காதும். நான்காம் வாரம் அழுத்திய பட்டையை எடுத்து, அதில் மிஞ்சிய சாயத்தைக் கழுவி அளந்து, உள்ளே போன பங்கைக் கழித்துக் கண்டு, தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் சாயத்தின் இடத்தில் மருந்தை வைக்கலாம்.